பாதிப் பாட்டு

நவம்பர் 24

வடிவு அமெரிக்கா போய் இன்றோடு நாற்பது நாள். மகள் சுபாஷினியின் பிரசவத்துக்குப் போனவள் ஏப்ரலில்தான் திரும்புவாள். வீடு நிம்மதியாக இருக்கிறது. டிவி ரிமோட் என் கையில். செருப்பை எங்கே கழற்றிப் போட்டாலும் கேட்க ஆளில்லை.

முப்பத்து நான்கு வருடம் சர்வேயராக இருந்தவன் நான். அளந்ததை அன்றன்றே எழுதி வைக்காவிட்டால் எனக்குச் சரிப்படாது. இப்போது அளக்க நிலம் இல்லாததால் பொழுதை எழுதி வைக்கிறேன்.

உளுந்தஞ்சோறு பொங்கினேன். பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன். ராத்திரிக்கும் அதுவே ஆயிற்று. நேற்றும் அப்படித்தான் ஆயிற்று.

பக்கத்து வீட்டு ஆவுடையப்பனின் முருங்கை மரத்திலிருந்து கம்பளிப்பூச்சிகள் மறுபடி நம் துணிக்கொடிக்கு வந்துவிட்டன. எண்ணினேன், பதினாறு. அவர் ரிட்டயர்டு பஸ் டிரைவர். மீசையே முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். இந்த மரத்தால் நாங்கள் பேச்சை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது.

நவம்பர் 27

போனில் 'ராகஜோடி' என்றொரு பாட்டு ஆப் ஏற்றியிருக்கிறேன். ஜோடிப் பாட்டில் ஆணின் வரிகள் நீலத்திலும் பெண்ணின் வரிகள் ரோஸ் நிறத்திலும் ஓடும். நான் நீலத்தைப் பாட வேண்டும். ரோஸ் வரும்போது வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு அந்தப் பாதிப் பாட்டை ஆப்பில் விட்டுவிட்டால், உலகத்தில் எங்கோ இருக்கும் ஒருத்தி வந்து மீதியைப் பாடி முழுசாக்குவாள். வந்தால்.

மழைப் பாட்டு ஒன்றைப் பாடினேன். காலேஜில் பாட்டுப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியவன் நான். போட்டியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது இங்கே தேவையில்லை. சரணத்தில் குரலை ஏற்றும் நேரம் பார்த்து உப்புக்காரர் தங்கப்பழம் மொபட்டில் வந்து சேர்ந்தார். நாலு மணிக்கு வருவார், இரண்டு குட்டை ஒரு நெட்டை என்று ஹார்ன் அடிப்பார், பாளையங்கோட்டை முழுவதும் கேட்கும். அந்த ஹார்னும் பாட்டில் சேர்ந்துவிட்டது.

கேட்டவர்கள்: 1. அது நான்தான்.

நவம்பர் 28

கேட்டவர்கள்: 1.

நவம்பர் 30

ஆப்பில் என் படத்தை மாற்றினேன். 1994-இல் சங்கரன்கோவில் ஸ்டூடியோவில் எடுத்தது. தலை நிறைய முடி. அது நான் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பாட்டை நம் தெரு நலச்சங்கத்து வாட்ஸப் குழுவில் போட்டேன். செயலாளர் ஜெயசீலி டீச்சர் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, அடுத்த நொடியே 'நாளை குடிநீர் வராது' என்று போட்டார். அதன் பிறகு எல்லோரும் குடிநீரைப் பற்றியே பேசினார்கள்.

வடிவுக்கும் அனுப்பினேன். காலையில் போனில், "நல்லா இருந்துச்சுங்க, ரெண்டு தடவ கேட்டேன்" என்றாள். கட்டிய மனைவி சொல்வது கணக்கில் சேராது.

ஆப்பில் கேட்டவர்கள் இப்போது இரண்டு. புதிய ஆளுக்குப் பெயருமில்லை, படமுமில்லை, 8841 என்று நம்பர் மட்டும்தான். முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு ஒரு லைக் போடாமல் போயிருக்கிறது. என்ன ஜென்மமோ.

டிசம்பர் 3

வந்துவிட்டாள்!

பெயர் பூங்குயில். மழைப் பாட்டின் ரோஸ் வரிகள் அத்தனையும் பாடியிருக்கிறாள். கொஞ்சம் கம்மிய குரல். ஆனால் சுருதி துளி விலகவில்லை. நான் நிறுத்திய இடத்தில் அவள் எடுக்கிறாள், அவள் விட்ட இடத்தில் நான் எடுக்கிறேன். ஹாலில் நின்றுகொண்டே பதினொரு தடவை கேட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

கீழே ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள்: 'ஐயா, இரண்டாம் சரணத்தில் மூச்சு வாங்க நின்றீர்கள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.'

முப்பத்து நான்கு வருடச் சர்வீசில் ஒரு தாசில்தார்கூட என்னிடம் இப்படிப் பேசியதில்லை.

அவள் படத்தில் பனிமலை இருக்கிறது. ஆகவே கனடா. என் சித்தப்பா மகன் கனடாவில் இருக்கிறான், அவனும் பனிமலைதான் வைத்திருக்கிறான்.

டிசம்பர் 4

சவரம் செய்துகொண்டேன். வேறு விசேஷமில்லை.

டிசம்பர் 9

இதுவரை நாலு பாட்டு. நாலிலும் பூங்குயில் சேர்ந்துவிட்டாள். காலையில் எழுந்ததும் முதலில் போன், பிறகுதான் பல். அவள் மூன்று இதயம் போட்டால் அன்றைக்கு இட்லி நன்றாக வருகிறது. ஒன்று போட்டால் எங்கே தப்பு என்று மத்தியானம் வரை யோசனை. நேற்றுப் பாட்டில் அவள் பாடும்போது பின்னால் ஏதோ ஹார்ன் சத்தம். கனடாவிலும் இந்த வண்டித் தொல்லை இருக்கிறது போலும்.

வடிவு பேசினாள். பேத்தி ராத்திரி முழுக்கத் தூங்க விடவில்லையாம். "இங்க ஒரு சத்தமும் இல்லங்க. கண்ணாடிக் கதவு வழியா ரோட்டப் பாத்துக்கிட்டே இருக்கேன், ஒரு மனுச மக்க நடக்க மாட்டேங்காவ. காக்கா கூட கத்த மாட்டேங்கு."

"அது சரி, பூங்குயில் நேத்து மூணு ஹார்ட் போட்டா தெரியுமா?" என்றேன்.

"யாரு பூங்குயிலு?"

"கனடாப் பாடகி."

"ஓஹோ" என்றாள். கொஞ்சம் நீளமான ஓஹோ.

பக்கத்து வீட்டில் ஒரு விநோதம். ஒரு வாரமாக ஆவுடையப்பன் மத்தியானம் மூன்றரை மணி வாக்கில் ஷெட்டில் நிற்கும் பழைய காருக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். வண்டி கிளம்புவதில்லை. ஒரு மணி நேரம் கழித்து வியர்க்க விறுவிறுக்க இறங்குகிறார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவருக்கு ஸ்டியரிங் இல்லாமல் இருக்க முடியவில்லை போலிருக்கிறது. பாவம், தனிமை மனிதனை என்னவெல்லாம் செய்கிறது.

டிசம்பர் 15

இன்று பொறுமை போய்விட்டது. துவைத்த பனியனுக்குள் கம்பளிப்பூச்சி. உடம்பெல்லாம் தடிப்பு. மதில் பக்கம் போய், "முருங்கைய வெட்டச் சொன்னா காதுல விழாதாவே! எத்தன தடவ சொல்லணும்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஆவுடையப்பன் காருக்குள்தான் இருந்தார். கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கி வைத்திருந்தார். காதில் எதையோ மாட்டிக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார்.

நல்லவேளை, சாயங்காலம் பூங்குயில் ரயில் பாட்டை முடித்து அனுப்பியிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் தடிப்பெல்லாம் அடங்கிவிட்டது. நடுவில் யாரோ தூரத்தில் சண்டை போடும் சத்தம். பாவம், அவளுக்கும் அக்கம்பக்கம் சரியில்லை. 'உங்கள் பொறுமையை நான் மெச்சுகிறேன்' என்று எழுதினேன். அவள் பதிலுக்குச் சிரிக்கும் பொம்மை ஒன்று போட்டாள்.

டிசம்பர் 21

ஜெயசீலி டீச்சர் வந்திருந்தார். ஜனவரி பதினாறு பூங்காவில் தெருப் பொங்கல் விழா. "சார், நீங்க ஒரு பாட்டுப் பாடுதீயளா?" என்று கேட்டார்.

பாடுகிறேன் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. என்னோடு ஒரு கனடாப் பாடகி பாடுவாள், வீடியோ காலில் பெரிய திரையில் வருவாள், அவள் என் விசிறி என்று சொல்லிவிட்டேன். டீச்சர் வாயைப் பிளந்தார். அந்த முகத்தைப் பார்க்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

டிசம்பர் 23

நோட்டீஸ் அச்சாகி வந்துவிட்டது. 'திரு. கோமதிநாயகம் மற்றும் கனடா புகழ் பூங்குயில் வழங்கும் ஜோடிப் பாடல்.' பூங்கா கேட்டிலும் ஒட்டிவிட்டார்கள்.

அவளிடம் இனிமேல்தான் கேட்க வேண்டும்.

டிசம்பர் 24

கேட்டேன். பதில் வந்தது: 'ஐயா, மன்னிக்கணும். அது மட்டும் என்னால் முடியாது.'

டிசம்பர் 27

ஓடப் பாட்டைப் பாடிவிட்டு மூன்று நாள் ஆகிறது. அவள் சேரவில்லை.

டிசம்பர் 30

இல்லை.

ஜனவரி 2

நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் சர்வேயருக்கு அழகு. இன்று டீ போட்டேன். இரண்டு தம்ளரில் ஊற்றினேன். பழக்கதோஷம் என்று எழுத வந்தேன், கை போகவில்லை. இந்த வீட்டில் எனக்கு ஆள் இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது. எழுபத்தொன்பது நாளாக அப்படித்தான் இருக்கிறது. நான் பாடுவதை யாராவது கேட்க வேண்டும், கேட்டேன் என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இத்தனையும்.

ஓடப் பாட்டைக் கேட்டவர்கள்: நானும் அந்த 8841-உம்.

ஜனவரி 5

வடிவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் யோசித்துவிட்டு, "நானும் ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேங்க. அந்தப் பூங்குயிலு கனடான்னு யாரு சொன்னா?" என்றாள்.

"பனிமலை..."

"மலையப் போட்டா கனடாவா? அந்தம்மா பாடையில பின்னால ஒரு ஹார்ன் கேக்கும்லா, ரெண்டு குட்ட ஒரு நெட்ட? அது நம்ம தங்கப்பழம் ஹார்னுங்க."

"உளறாத. அது நான் பாடையில விழுந்த சத்தமா இருக்கும்."

"நீங்க அந்தப் பாட்ட காலைல பாடுனீய. பின்னால தண்ணி மோட்டார் ஓடுற சத்தம் கேக்கு. தங்கப்பழம் நாலு மணிக்குலா வருவாவ?"

போனை வைத்ததும் ஹெட்போனை மாட்டினேன். ஆப்பில் ஜோடியின் குரலை மட்டும் தனியாகக் கேட்க வழி இருக்கிறது. இதுவரை எனக்கு அது தோன்றவில்லை. முதலில் ஹார்ன் பாட்டு. இரண்டு குட்டை, ஒரு நெட்டை, சந்தேகமே இல்லை. பிறகு ரயில் பாட்டைப் போட்டேன், அந்தச் சண்டைச் சத்தம் வரும் பாட்டு. சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்துக் கேட்டேன்.

'...வெட்டச் சொன்னா காதுல விழாதாவே! எத்தன தடவ சொல்லணும்!'

என் குரல்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நான் அங்கே கத்து கத்து என்று கத்துகிறேன், அந்தக் குரல் ஒரு இடத்தில்கூடப் பிசகாமல் என் பாட்டுக்குப் பதில் பாடிக்கொண்டே போகிறது.

ஜனவரி 6

கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. அந்த மீசைக்கு நான் எத்தனை இதயம் அனுப்பியிருக்கிறேன் என்று எண்ணப் போய் அறுபதோடு நிறுத்திவிட்டேன். பிறகு சிரிப்பு வந்தது. தனியாகச் சிரிப்பது சரியாக இல்லை, வடிவுக்குப் போன் போட்டேன். அங்கே ராத்திரி, குழந்தை எழுந்துவிடும் என்று வாயில் துண்டை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பாவங்க அந்த மனுசன்" என்றாள் பிறகு. "அந்தக் காலத்துல மெல்லிசைக் குழுவுல பாட பொம்பளயாளு கெடைக்காது. ஆம்பளயே பொம்பளக் குரல்ல பாடுவாவ. எங்க ஊருக் கோயில் கொடைக்கு அப்படி ஒருத்தர் வருவாரு. திரைக்குப் பின்னால நின்னு பாடுவாரு, ஆளு யாருன்னு கடைசி வரைக்கும் தெரியாது. இவரும் அப்படிப் பாடுனவராத்தான் இருக்கும்."

ஜனவரி 7

ஆப்பில் பூங்குயிலுக்கு ஒரே ஒரு வரி அனுப்பினேன்: 'உப்புக்காரர் கனடாவுக்கும் வருவாரா?'

பார்த்துவிட்டதாகக் காட்டுகிறது.

ஜனவரி 8

காலையில் கொல்லைக்குப் போனால், நம் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த முருங்கைக் கிளைகள் எல்லாம் வெட்டப்பட்டிருந்தன. மதில் மேல் ஒரு கட்டு முருங்கைக்காய், வாழைநாரில் கட்டியிருந்தது. ஆவுடையப்பனைக் காணவில்லை. கார் காலியாக நின்றது.

சாம்பார் வைத்தேன். இளங்காய். நன்றாக இருந்தது.

ஜனவரி 12

இரண்டு தடவை அவர் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பினேன். உள்ளே மகனும் மருமகளும் பேசும் சத்தம். அவர்களுக்குத் தெரியாமல்தானே காருக்குள் உட்கார்ந்து பாடினார், அவர்களுக்கு முன்னால் இதை எப்படிக் கேட்பது? இத்தனை வருடம் திரைக்குப் பின்னால் இருந்த மனிதரை நான் இழுத்து வெளியே விடக் கூடாது. தனியாகவே மேடையேறி அவமானப்பட்டுக்கொள்கிறேன்.

ஜனவரி 16

விழா முடிந்து இப்போதுதான் வந்தேன்.

மேடையேறியதும் உண்மையைச் சொன்னேன். "கனடாப் பாடகின்னு யாரும் இல்ல. அது நானா கட்டிவிட்டது. மன்னிக்கணும். என்கூடப் பாடுன குரல் மட்டும் நெசம். அது யாருன்னு நான் சொல்ல மாட்டேன். என் பாதிய நான் பாடுறேன்." கூட்டத்தில் சிரிப்பு. ஜெயசீலி டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருடைய இன்னொரு கையில் என் போன், அதற்குள் வடிவு; அமெரிக்காவில் அப்போதுதான் விடிந்திருந்தது.

ஓடப் பாட்டு, பூங்குயில் சேராமல் விட்டது. இசை தொடங்கியது. நான் நீலத்தைப் பாடினேன். ரோஸ் வந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். நாலு வரி நேரம் வெறும் இசை மட்டும் ஓடியது. நாலு வரி இவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. முன் வரிசைப் பிள்ளைகள் கிளுக்கென்று சிரித்தார்கள். ஆவுடையப்பன் கடைசி வரிசையில், வேப்பமரத்தடியில் நிற்பது எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் நான் பார்க்கவே இல்லை.

மறுபடி நீலம். பாடினேன், குரல் உடைந்தது. மறுபடி ரோஸ்.

அப்போது பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. மைக் இல்லை. அது மைக் தேவைப்படாத குரல் என்பது அப்போதுதான் தெரிந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் வயிற்றில் கட்டிக்கொண்டு, அந்த மீசைக்கு அடியிலிருந்து ஒரு பெண்ணாகப் பாடிக்கொண்டிருந்தார். யாரோ சிரிக்கத் தொடங்கி, அடுத்த வரிக்குள் நிறுத்திவிட்டார்கள். அவருடைய மகன் எழுந்து நின்றான். அவன் போய் அப்பாவின் கையைப் பிடித்து, கூட்டத்துக்கு நடுவே மேடைவரை கொண்டுவந்து விட்டான்.

கடைசிச் சரணத்தை இருவரும் ஒரே மைக்கில் பாடினோம். கைதட்டல் எவ்வளவு நேரம் நீடித்தது என்று நான் அளக்கவில்லை. இதயம், லைக் எதுவும் எனக்கு நினைவில் வரவில்லை.

கீழே இறங்கியதும் கேட்டேன். "ஏன்வே, நான் அந்தத் திட்டுத் திட்டியும் எதுக்கு என்கூடப் பாடுனீரு?"

"என்ன செய்ய அண்ணாச்சி? மத்தியானம் ஆனா நீங்க பாடுறது மதிலுக்கு இந்தப் பக்கம் கேக்கும். நாலு வரி பாடுவீய, அப்புறம் சத்தமே இருக்காது. பாதியில நிக்கிற பாட்டக் கேட்டா எனக்குச் சோறு எறங்காது. அதான் பேரன் போன வாங்கி அந்த ஆப்ப ஏத்துனேன்."

"அந்தப் பனிமலை?"

"அது காலண்டர்ல இருந்த படம். கனடான்னு நான் எங்க சொன்னேன்?"

ஜனவரி 17

வடிவிடம் பேசினேன். இன்று முழுக்க அவளையே பேசவிட்டேன். தொண்ணூற்று நாலு நாளில் இதுதான் முதல் தடவை என்று சொல்லிக் காட்டினாள்.

பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். "உங்க பாட்டு ஒண்ணு விடாமக் கேட்டேங்க. புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு நடக்கையில காதுல மாட்டிக்கிடுவேன். தங்கப்பழம் ஹார்ன் வார எடத்த மட்டும் திருப்பித் திருப்பிப் போடுவேன். அப்புறம் நம்ம கேட்டு கிரீச்சுங்கிறது, காக்கா கத்துறது... அதக் கேட்டாத்தான் எனக்கு விடிஞ்ச மாதிரி இருக்கும்."

"ஆப்புல உன் பேரே இல்லயே?"

"எனக்குப் பேரு போடத் தெரியல. அதுவா எட்டாயிரத்துச் சொச்சம்னு ஒரு நம்பர் குடுத்துச்சு."

முதல் பாட்டிலிருந்து ஒன்றுகூட விடாமல் கேட்டது அந்த ஒரு ஜென்மம்தான். அதை நான் நவம்பர் முப்பதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று புரட்டிப் பார்த்தேன். அந்த வரியை அடிக்கவில்லை, இருக்கட்டும், அவள் வந்து படிக்கட்டும்.

ஜனவரி 19

இன்று பாடவில்லை. நாலு மணிக்கு ஆப்பைத் திறந்து, போனை வாசல் கம்பியில் சாய்த்து வைத்துவிட்டு நகர்ந்து நின்றேன். காக்கை கத்தியது. கேட் கிரீச்சிட்டது, அது தானாகக் கிரீச்சிடாததால் நான் இரண்டு தடவை ஆட்டினேன். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆவுடையப்பன் கார்க் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டுக்கொண்டு பாடினார். தங்கப்பழம் வந்தார். ஹார்ன் சரியாகப் பதியவில்லையோ என்று சந்தேகமாக இருந்தது. இன்னொரு தடவை அடிக்கச் சொன்னேன். உப்பு வாங்கினால்தான் அடிப்பேன் என்றார். வாங்கினேன். நெட்டை கொஞ்சம் குட்டையாகிவிட்டதால் மறுபடியும் அடிக்கச் சொன்னேன், மறுபடியும் வாங்கினேன்.

"அம்மா எப்ப வாராவ?" என்று கேட்டார். "ஏப்ரல்ல" என்றேன். அதுவும் பதிந்திருக்கிறது.

வடிவுக்கு அனுப்பிவிட்டேன். கேட்டவர்கள்: 1. ஆறு தடவை கேட்டிருக்கிறாள்.

வீட்டில் இப்போது எட்டுக் கிலோ கல்லுப்பு இருக்கிறது. அவள் வந்துதான் தீர்க்க வேண்டும்.